அம்பர் செபமாலை, அம்பர் தஸ்பீஹ்: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வாங்குவது, வரவழைப்பது, சோதிப்பது எப்படி?

ஜேர்மனியில் இருக்கும் அக்கா கெவலார் மாதா கோயிலுக்குப் போய், பிள்ளையின் முதல்நன்மைக்கு ஒரு அம்பர் செபமாலை வாங்கி வைத்திருக்கிறார். உம்றாவுக்குப் போய் வந்த மாமா "அம்பர் தஸ்பீஹ்" (முஸ்லிம்கள் இறைதுதியை எண்ணும் மணிமாலை) என்று மஞ்சள் மாலை ஒன்றைக் கையில் தருகிறார். இல்லாவிட்டால் அம்மம்மாவின் பெட்டிக்குள் இருந்து, நூல் அறுந்த பழைய மாலை ஒன்று வெளியே வருகிறது. இது உண்மையா, எப்படி இங்கே எடுப்பிப்பது, யாரிடம் கொடுத்துக் கோர்ப்பது, எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். எங்கள் வீட்டு மாலைக்காக நானும் கடை கடையாக ஏறி இறங்கி, கொழும்புக்கும் போய்வந்து அறிந்துகொண்டவற்றை ஒழுங்காக இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

அம்பர் என்பது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மரத்தில் வடிந்த பிசின் மண்ணுக்குள் கிடந்து இறுகியது. சந்தையில் கூடுதலாக இருப்பது பால்டிக் கடற்கரைப் பக்கத்து அம்பர். அதன் வயது ஏறக்குறைய 4 கோடி வருடங்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், வேலைக்கு வருவோம்.

1. என்ன மாலை, எத்தனை மணி என்று முதலில் தீர்மானியுங்கள்

கத்தோலிக்கரின் 53 மணிச் செபமாலையில் அருள் நிறைந்த மரியே சொல்ல 53 மணியும், பரலோக மந்திரம் சொல்ல 6 மணியும் இருக்கும். மொத்தம் 59. தஸ்பீஹ் என்றால் 33 அல்லது 99. திபெத்திய பௌத்தர்களின் மாலையில் 108 மணி. அங்கே அம்பர் பழைய வழக்கம்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்முடைய வழிபாட்டில் உருத்திராக்கம் இருக்கிறது, படிகம் இருக்கிறது. அம்பர் அந்த வரிசையில் இல்லை. "சிவனுக்கு உகந்த அம்பர் ஜபமாலை 108" என்று இணையத்தில் மலிவாக விற்பதெல்லாம் பெரும்பாலும் மஞ்சள் பிசின் வார்ப்பு. ஜபத்துக்கு மாலை வேண்டுமென்றால் அந்தக் காசுக்கு நல்ல உருத்திராக்கம் ஒன்றை வாங்குங்கள்.

மணியின் விட்டத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். செபமாலைக்கு 6 முதல் 8 மில்லிமீற்றர் வசதி. சிறு பிள்ளையின் கைக்கு 6 போதும். தஸ்பீஹுக்கு 8 முதல் 10 மில்லிமீற்றர் இருந்தால் விரலில் ஓடும். விட்டம் கொஞ்சம் கூடினாலும் நிறையும் விலையும் எகிறிவிடும். அந்தக் கணக்கு மூன்றாம் படியில் வருகிறது.

2. விற்கிற பெயரைக் கவனமாகப் படியுங்கள்

ஏமாற்றம் தொடங்குவது இங்கேதான். "அம்பர்" என்ற ஒரே பெயரில் நாலைந்து பொருள்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது, இயற்கை அம்பர். ஒரே துண்டில் இருந்து கடைந்த மணி. நிறத்தையும் தெளிவையும் கூட்டுவதற்காகச் சூடாக்கியிருப்பார்கள். அது வழமைதான், ஆனால் சொல்லி விற்கவேண்டும்.

இரண்டாவது, அழுத்திய அம்பர். கடைசலில் மிஞ்சிய சிறு துண்டுகளையும் தூளையும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிச் செய்வது. பொருள் அம்பர்தான், விலை குறைவாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, கோப்பல். இதுவும் மரப்பிசின்தான், ஆனால் வயது போதாது. சில நூறு அல்லது சில ஆயிரம் வருடம்தான் இருக்கும். பார்க்க அம்பர் மாதிரியே இருக்கும். கொஞ்சக் காலத்தில் மேற்பரப்பு மெல்லிய வலைபோல வெடிக்கத் தொடங்கும்.

நாலாவது, செயற்கைப் பிசின். பொலியெஸ்டர், எபொக்சி, பழைய பேக்கலைற் எல்லாம் இதற்குள் அடங்கும். உள்ளே பூச்சியும் இலையும் வைத்து வார்த்தால் பார்ப்பவர் மயங்கிப்போவார். பூச்சி இருக்கிறதே என்று நம்பவேண்டாம். பூச்சி வடிவாக, முழுசாக, நடுவில் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடவேண்டும்.

ஜேர்மனியில் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்: பெட்டியில் "நத்தூர்பேர்ன்ஸ்டைன்" என்று இருந்தால் இயற்கை அம்பர். "எக்ட் பேர்ன்ஸ்டைன்" என்று மட்டும் இருந்தால் அது அழுத்திய அம்பராகவும் இருக்கலாம். "பிரெஸ்பேர்ன்ஸ்டைன்" என்றால் அழுத்தியதேதான். எங்கள் ஆட்கள் 'எக்ட்' என்பதைப் பார்த்ததும் திருப்தியாகக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். துருக்கியில் வாங்குபவர்கள் "தம்லா கெஹ்ரிபார்" என்று கேட்கவேண்டும். "சிக்மா" என்று சேர்த்துச் சொன்னால் அழுத்தியது, பலவேளை அதுகூட இல்லாமல் முழுக்கச் செயற்கை. "ஃபாத்துரான்" என்பது பழைய செயற்கைப் பிசின் வகை. சேகரிப்பவர்கள் அதற்கும் நல்ல விலை கொடுப்பார்கள், ஆனால் அம்பர் இல்லை.

மடுத் திருவிழாக் கடைகளிலும் நல்லூர்த் திருவிழாக் கடைகளிலும் தொங்குகிற மஞ்சள் மாலைகள் பிளாஸ்ரிக்தான். அதைப் பிளாஸ்ரிக் விலைக்குத்தான் விற்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. அந்த மாலையில் சொல்கிற செபமும் அதே செபம்தான். எனக்குக் கோபம் வருவது பிளாஸ்ரிக்கை அம்பர் விலைக்கு விற்கும்போது மட்டும். வயதான மனுசி ஒருவர் பேரப்பிள்ளைக்கென்று சேர்த்த காசில் அதை வாங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

3. விலையை மாலைக்குக் கேட்காதீர்கள், கிராமுக்குக் கேளுங்கள்

இயற்கை அம்பரை நிறையில்தான் மதிப்பிடுவார்கள். ஆகவே மாலையின் நிறை தெரியாமல் விலை பேசுவதில் அர்த்தமில்லை. ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மணியின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து, அதை மூன்று தரம் எழுதிப் பெருக்கி (8 என்றால் 8 × 8 × 8), வருவதை 0.00056ஆல் பெருக்கினால் ஒரு உருண்டை அம்பர் மணியின் நிறை கிராமில் வரும்.

8 மில்லிமீற்றர் மணி ஒன்று 0.29 கிராம் அளவில் இருக்கும். 59 மணிக்கு ஏறக்குறைய 17 கிராம். துளைக்காகக் கொஞ்சம் கழியும். அதே அளவு பேக்கலைற் மாலை 20 கிராம் காட்டும். கண்ணாடி என்றால் 39 கிராமைத் தாண்டும். 10 மில்லிமீற்றர் மணியில் 33 மணித் தஸ்பீஹ் அம்பரில் 18 கிராமுக்குச் சற்று மேல், பேக்கலைற்றில் 22. கன்னாதிட்டியிலோ கஸ்தூரியார் வீதியிலோ எந்த நகைக்கடைத் தராசும் இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும். சிலுவை, உலோகச் சங்கிலி, குஞ்சம் எல்லாம் கழற்றிய பிறகுதான் நிறுக்கவேண்டும். பொலிஸ்ரைறீன் என்ற பிளாஸ்ரிக் மட்டும் அம்பரின் நிறையோடு ஒத்துப்போகும். அதற்கு ஆறாம் படியைப் பாருங்கள்.

இன்னொன்று. 59 மணியும் இயற்கை அம்பர் என்று சொல்லி 10, 15 யூரோவுக்கு ஒருவர் தருகிறார் என்றால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

4. பற்றுச்சீட்டை எழுதுவித்து வாங்குங்கள்

"மாலை 1" என்று மட்டும் எழுதிய துண்டு உங்களுக்கு எதற்கும் உதவாது. சுங்கத்திலும் உதவாது, திருப்பிக் கொடுக்கப் போனாலும் உதவாது. எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் தந்தார்கள். வடிவாக எழுதித் தாருங்கோ என்று கேட்டதற்கு, "அக்கா, இது ஒறிஜினல்தானே, பேந்தென்ன எழுத்து?" என்றார் அந்த வியாபாரி. எழுதித் தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

பற்றுச்சீட்டில் இருக்கவேண்டியவை: கடையின் பெயர், விலாசம், திகதி, பொருளின் பெயர் (இயற்கை அம்பர், அழுத்திய அம்பர் என்று பிரித்து), சூடாக்கியதா நிறமூட்டியதா என்ற குறிப்பு, மணியின் எண்ணிக்கையும் விட்டமும், மொத்த நிறை, சிலுவை வெள்ளியா வேறு உலோகமா, கொடுத்த விலை. கடைக்காரர் அட்டையில் அச்சடித்த "உண்மைச் சான்றிதழ்" ஒன்றைச் சேர்த்துத் தருவார். கடையே தனக்குக் கொடுத்த சான்றிதழ் அது. பற்றுச்சீட்டில் எழுதியிருப்பதுதான் பெறுமதியான எழுத்து.

மாலையை வெளிச்சத்தில் வைத்து நாலு படம் எடுத்து, பற்றுச்சீட்டின் படத்தோடு சேர்த்து வட்ஸ்அப்பில் இங்கே அனுப்பச் சொல்லுங்கள். தாள் தொலைந்தாலும் படம் இருக்கும்.

5. கொண்டுவருவது: ஆள் கையிலா, தபாலிலா?

ஆள் வருகிறார் என்றால் ஆள் கையில் வருவதே நல்லது. ஆடி, ஆவணியில் நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டிக் கனபேர் ஊருக்கு வருவார்கள். கெவலாரில் தமிழர்கள் கூடும் யாத்திரையும் ஓகஸ்ட் மாதத்தில்தான் நடக்கும். ஆகவே அங்கே வாங்கி அதே விடுமுறையில் கொண்டுவர நாள் இறுக்கமாக இருக்கும். ஒக்டோபர் செபமாலை மாதத்துக்கு மாலை கையில் வேண்டுமென்றால் முந்திய வருடமே சொல்லி வையுங்கள், அல்லது வைகாசியில் வருகிற ஆளைப் பிடியுங்கள்.

கொண்டுவருபவர் மாலையைப் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைக்கவேண்டும், பற்றுச்சீட்டு கடவுச்சீட்டோடு இருக்கவேண்டும். சொந்தப் பாவனைக்கு ஒன்றிரண்டு மாலை என்றால் பெரிய பிரச்சினை வராது. பங்கில் உள்ள எல்லோருக்குமென்று 20, 30 மாலை கட்டிக்கொண்டு வந்தால் அது வியாபாரச் சரக்காகத் தெரியும். அப்படியென்றால் விமான நிலையத்தில், சுங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய பொருள் உள்ளவர்கள் போகும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுவதுதான் சரி. பயணிகளுக்கான தீர்வை விலக்கு எவ்வளவு என்பது வெளிநாட்டில் இருந்த காலத்தைப் பொறுத்தும் விதி மாற்றங்களைப் பொறுத்தும் வேறுபடும். புறப்படுவதற்கு முந்திய கிழமை இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சென்னையில் இறங்கிப் பலாலிக்கு வருபவர்கள் இந்தியச் சுங்கத்தையும் தாண்டவேண்டி வரலாம். அவர்களுக்குப் பற்றுச்சீட்டு இரட்டிப்பாக அவசியம்.

தபாலில் அனுப்பினால் கவனிக்க இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நகை, விலைமதிப்புள்ள பொருள் எதையும் சாதாரணக் கடித உறைக்குள் வைத்து அனுப்பப் பல நாட்டுத் தபாற் சேவைகள் விடுவதில்லை. தொலைந்தால் நட்டஈடும் இல்லை. பின்தொடரும் எண் உள்ள, காப்புறுதி செய்த பாசலாகவே அனுப்பவேண்டும். பாசலில் ஒட்டும் சுங்கப் படிவம் சீ.என். 22 அல்லது சீ.என். 23. பெறுமதி கூடினால் 23. அதில் வெறுமனே "அன்பளிப்பு" என்று எழுதினால் சுங்கத்துக்கு ஒன்றும் விளங்காது, தீர்வையும் அதனால் இல்லாமற் போகாது. பொருள், எண்ணிக்கை, நிறை, விலை நான்கையும் எழுதவேண்டும். விலையைக் குறைத்து எழுதாதீர்கள். சுங்கம் தானாக ஒரு பெறுமதி போடலாம். பாசல் தொலைந்தால் எழுதிய விலைக்கு மேலே ஒரு சதமும் கேட்க முடியாது.

மிக முக்கியம்: படிவத்தில் "அம்பர்" என்று தனியே எழுதவேண்டாம். "மரப்பிசின் அம்பர் மணி, செபமாலை" என்று விளக்கமாக ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் அம்பர் என்றதும் பொலிசுக்கும் கடற்தொழிலாளருக்கும் முதலில் ஞாபகம் வருவது திமிங்கிலத்தில் இருந்து கிடைக்கும் அம்பர். அதைக் கடத்தி அகப்பட்டவர்களின் செய்தி அடிக்கடி வரும். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மரப்பிசின் அம்பர் வைத்திருக்க எந்தத் தடையும் கிடையாது.

ஆனால் பழைய மாலையில் தந்தமோ, ஆமையோடோ, கறுப்புப் பவளமோ கலந்திருந்தால் கதை வேறு. இவை சர்வதேச வனவிலங்கு வணிக உடன்படிக்கைக்குள் வருபவை. 'யுஸ்ர்' என்று சொல்லும் கறுத்தத் தஸ்பீஹ் கறுப்புப் பவளத்தில் செய்தது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிபோகும்.

வெளிநாட்டுப் பாசல்கள் கொழும்பில் சுங்கப் பரிசோதனை முடிந்துதான் வடக்குக்கு வரும். அறிவித்தல் வந்தால் தேசிய அடையாள அட்டை, அறிவித்தல் தாள், பற்றுச்சீட்டின் பிரதி, பணம் அனுப்பிய அத்தாட்சி நான்கையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போக முடியாவிட்டால், உங்கள் சார்பில் போகிறவருக்கு அதிகாரமளிக்கும் கடிதமும் உங்கள் அடையாள அட்டையின் பிரதியும் வேண்டும். பெறுபவரின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே பாசலில் இருக்கவேண்டும். வீட்டுப் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டுத் தபால் கந்தோரில் நின்று வாதாடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

6. வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்

ஒரு சோதனையை மட்டும் நம்பவேண்டாம். மூன்று நான்கு சேர்ந்து ஒரே பக்கம் காட்டினால்தான் ஓரளவு நம்பலாம்.

உப்புத் தண்ணீர். 250 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 70 கிராம் கல்லுப்பைக் கரைத்து, துணியில் வடித்து, ஆறவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வையுங்கள். நூலில் இருந்து கழன்ற ஒற்றை மணியை முதலில் நல்ல தண்ணீரில் போட்டால் அம்பர் மெதுவாகத் தாழும். அதையே உப்புத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பேக்கலைற், கண்ணாடி, பொலியெஸ்டர் எல்லாம் இரண்டிலும் தாழும். கோப்பலும் பொலிஸ்ரைறீனும் அம்பரைப் போலவே மிதக்கும், ஆகவே இத்தோடு முடிவு கட்டாதீர்கள். உலோகச் சங்கிலியில் கோர்த்த முழு மாலையை அப்படியே போடுவது பிரயோசனமில்லை. உலோகம் இழுத்துக்கொண்டு போய்விடும். பார்த்து முடிந்ததும் மணியை நல்ல தண்ணீரில் கழுவி, துளைக்குள் உப்பு நிற்காமல் துடையுங்கள்.

வெளிச்சம். இருட்டில் கைபேசி ரோச்சின் மேல் மணியை வைத்துப் பாருங்கள். சூடாக்கிய அம்பரில் மீன் செதில் அளவில் வட்டமான தட்டுகள் மினுங்கும். மணியைச் சுழற்றினால் ஒவ்வொன்றும் வேறு கோணத்தில் பளிச்சென்று எரிந்து மறையும். நல்ல இயற்கை மணிகளில் பால் போன்ற மேகம் ஒரு பக்கமாகப் படர்ந்திருக்கும், இரண்டு மணி ஒன்றைப்போல ஒன்று இருக்காது. அழுத்திய அம்பரில் பாகு ஓடியதுபோல நீண்ட கோடுகளும், ஒரு திசையில் நசிந்த குமிழிகளும் தெரியும். 59 மணியும் ஒரே நிறம், ஒரே மேகம் என்றால் வார்ப்புத்தான்.

ஊதாக்கடந்த கதிர். இதற்கென்று ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கள்ளநோட்டுப் பார்க்கிற லைற் நாணயமாற்றுக் கடைகளில் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். அம்பர் நீலம் கலந்த வெள்ளையாக அல்லது மஞ்சட்பச்சையாக ஒளிரும். கோப்பல் மங்கலாகவே நிற்கும். சில பிளாஸ்ரிக்குகளும் ஒளிரும் என்பதை மறக்கவேண்டாம்.

அசெற்றோன். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் அசெற்றோன் இருக்கிறதா என்று போத்தலில் பார்த்து, துளைக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு மட்டும் தொட்டு, சில விநாடியில் துடைத்துவிடுங்கள். கோப்பலும் பொலிஸ்ரைறீனும் பிசுபிசுக்கும். அம்பருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நேரம் கூடினால் அதன் பளபளப்பும் போகும். பரம்பரை மாலையில் இதைச் செய்யவே வேண்டாம்.

உரசிக் கடதாசி இழுப்பது. எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். அம்பரைக் கம்பளியில் தேய்த்தால் கடதாசித் துணுக்கை இழுக்கும், உண்மை. பிளாஸ்ரிக்கும் இழுக்கும். மார்கழி ஈரக்காற்றில் உண்மையான அம்பரும் இழுக்காமல் விடும். இதை ஒரு ஆதாரமாக எடுக்காதீர்கள்.

பழுத்த ஊசி. இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். அம்பரிலும் கோப்பலிலும் மரப்பிசின் வாசம் வரும், பிளாஸ்ரிக்கில் எரிந்த நாற்றம் வரும். ஆனால் மணியில் வடு விழும், அந்த வடுவை எடுக்க முடியாது.

7. எப்போது ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டும்?

பிளாஸ்ரிக்கா இல்லையா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இயற்கையா அழுத்தியதா, கோப்பலா என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டும். விலை கூடிய மாலை, பங்கு பிரிக்கவேண்டிய பரம்பரைச் சொத்து, விற்றவரிடம் காசைத் திருப்பிக் கேட்கும் வழக்கு, இந்த மூன்றுக்கும் மட்டும் கொழும்புக்குப் போங்கள். மற்றபடி போக்குவரத்துச் செலவுக்கு ஈடாகாது.

கொழும்பில் தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்குப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது, தனியார் ஆய்வுக்கூடங்களும் உண்டு. போவதற்கு முன் ரெலிபோனில் கேட்கவேண்டியவை: கல்லைத் தவிர அம்பரும் பார்ப்பீர்களா? அகச்சிவப்பு நிறமாலைக் கருவி இருக்கிறதா? பால்டிக் அம்பரைப் பிரித்தறியும் உறுதியான வழி அதுதான். வாயால் சொல்லும் முடிவுக்கு எவ்வளவு, எழுத்து அறிக்கைக்கு எவ்வளவு? மணிக்கு மணி கட்டணமா, முழு மாலைக்கா? அன்றே கிடைக்குமா?

ஒளிமுறிவுச் சுட்டெண் (பொருளுக்குள் வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்று காட்டும் எண்) பார்க்கும் கருவி கல் வியாபாரிகளிடமும் இருக்கும். அம்பர் 1.54 காட்டும், பேக்கலைற் 1.6க்கு மேலே போகும், பொலிஸ்ரைறீன் 1.59. இது சில நிமிட வேலை.

இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கொழும்பு, வேலை முடித்து அன்றிரவே திரும்பலாம். போயா விடுமுறையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். மாலையோடு பற்றுச்சீட்டு, அடையாள அட்டை, கழன்ற ஒரு மணி மூன்றும் பையில் இருக்கட்டும்.

8. கோர்க்கக் கொடுக்கும்போது

அம்பர் மென்மையானது. செப்புக்காசு போதும் கீறல் விழுத்த. சுமார் 150 பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். பத்தர்கள் பொன்னிலும் கல்லிலும் கைதேர்ந்தவர்கள், அம்பர் அவர்கள் கையில் அரிதாகவே வரும். நீங்கள்தான் சொல்லவேண்டும்.

கன்னாதிட்டியில் ஒரு பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். உடைந்த சிலுவை வளையத்தை ஒட்டுவதற்கு, முழு மாலையும் பலகையில் சுருண்டு கிடக்க, பத்தர் காஸ் ரோச்சைப் பற்றவைத்துவிட்டார். நீல நாக்கு வளையத்தைத் தொட முன்னரே பக்கத்து மணியின் மேற்பரப்பு வியர்த்ததுபோல மங்கியது. "பொறுங்கோ அண்ணை" என்று கையை நீட்டியதும் சட்டென்று நிறுத்திவிட்டார். பிறகு தானாகவே சிலுவையைக் கழற்றித் தனியே ஒட்டித் தந்தார். அருமையான வேலைகாரன், சொன்னால் போதும்.

கொடுக்கும் முன் மணிகளை அவர் முன்னாலேயே எண்ணி, நிறுத்து, படம் எடுத்து, எண்ணிக்கையையும் நிறையையும் துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மெழுகிட்ட பட்டு அல்லது நைலோன் நூல், மணிக்கு மணி முடிச்சு என்று கேளுங்கள். முடிச்சு இருந்தால் மணியும் மணியும் உரசாது, அறுந்தாலும் எல்லாம் சிந்தாது. உலோகக் கம்பியில் கோர்த்தால் துளையின் வாய் தேய்ந்து உடையும். முடிச்சுப் போட்டுக் கோர்க்க நேரம் எடுக்கும். நல்லூர்த் திருவிழாவும் கலியாணச் சீசனும் பட்டறைகளுக்கு ஓய்வில்லாத காலம். அந்தக் காலங்களைத் தவிர்த்துத் தவணை சொன்னால் அவசரமில்லாமல் வடிவாகச் செய்வார்கள்.

9. மந்திரிப்பது

செபமாலையைப் பூசை முடிந்ததும் சக்கிறீஸ்துக்கு (சுவாமியார் பூசை உடுப்பு மாற்றும் அறை) கொண்டுபோய்ச் சுவாமியாரிடம் நீட்டினால் அந்த இடத்திலேயே மந்திரித்துத் தருவார். கட்டணம் இல்லை. மந்திரித்த மாலை என்று கூடுதல் விலை சொல்லி விற்பவர்களிடம் வாங்கவேண்டாம். விற்றுவிட்டால் அதோடு சேர்ந்த ஞானப் பலன் போய்விடும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆகவே விற்பனையும் திருத்த வேலையும் முடிந்த பிறகுதான் மந்திரிக்கக் கொண்டுபோங்கள்.

தஸ்பீஹுக்கு அப்படி ஒரு சடங்கு இல்லை. தொழுகைக்குப் பின் 33 தடவை வீதம் சொல்லும் திக்ருகளை (இறைதுதிகளை) விரலால் எண்ணுவதையே சிறப்பாகச் சொல்லும் உலமாக்களும் உண்டு. மணி ஒரு உதவிதான் என்பதால், அதற்காகக் கடன்பட்டு அம்பர் வாங்கவேண்டியதில்லை.

10. பாவிக்கும்போது

அத்தர், செண்ட், கைகழுவும் சானிற்றைசர், தலைக்கு அடிக்கிற ஸ்பிறே, இவை எல்லாம் அம்பரின் பளபளப்பைக் கொல்லும். கையில் அத்தர் பூசியிருந்தால் காய்ந்த பிறகு தஸ்பீஹை எடுங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலோ கார்க் கண்ணாடிக்குப் பின்னாலோ வெயிலில் விடாதீர்கள். திறப்பு, சில்லறைக் காசு உள்ள பொக்கற்றில் போடாதீர்கள். துப்புரவுக்கு ஈரமில்லாத பருத்தித் துணி போதும். கிணற்றுத் தண்ணீர் உவராக உள்ள இடங்களில் நனைந்துவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, நிழலில் உலரவிடுங்கள்.

இதோடு ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். பல் முளைக்கும் குழந்தைக்கு நல்லது என்று ஐரோப்பாவில் இருந்து அம்பர் கழுத்துமாலை அனுப்புகிறார்கள். அது நோவைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. இப்படியான மாலைகளால் குழந்தைகள் கழுத்து இறுகியும் மணி தொண்டையில் சிக்கியும் ஆபத்துக்குள்ளாவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரிக்கை விட்டது. தூங்கும்போது கழுத்து இறுகி ஒரு குழந்தை இறந்தும் இருக்கிறது. செபமாலை, தஸ்பீஹ் எதுவாக இருந்தாலும் குழந்தையின் கழுத்தில் போட்டுத் தூங்கவைக்கவேண்டாம். தொட்டிலை விட்டுத் தள்ளி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், ஆணியில் மாட்டி வையுங்கள்.